பூட்டிய கார் யாரைக் காப்பாற்றுகிறது?

கண்ணாடியை உடைக்க ஒரு நொடி போதும் என்றால், கதவைப் பூட்டி என்ன பயன்? கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கும் கேள்வி. விடை தேடிப் போனால், அது நம் காரோடு நிற்காமல் தெரு முழுக்க நீள்கிறது.

முப்பத்தெட்டு நொடி ஓடும் காணொளி அது. எங்கள் தெருமுனை வீட்டு சிசிடிவியில் பதிவானது. அதிகாலை மணி 2.40. தொப்பி போட்ட ஒருவன் நடைப்பயிற்சிக்குப் போகிறவனைப்போல நிதானமாக வருகிறான். வரிசையாக நிற்கும் கார்களின் ஓரமாக ஒதுங்கி, ஒவ்வொரு கதவின் கைப்பிடியையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறான். திறக்கவில்லையா? அடுத்த கார். அவன் கையில் கல் இல்லை, கம்பி இல்லை. எந்தக் காருக்குள்ளும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு கார்கள் அவனை அப்படியே அனுப்பிவைத்தன. ஏழாவது கார் திறந்துகொண்டது.

அது என் கார். முந்தைய நாள் இரவு நல்ல மழை. இரண்டு கையிலும் பை. கதவை இடுப்பால் தள்ளிச் சாத்திவிட்டு உள்ளே ஓடியவன், பூட்ட மறந்துவிட்டேன். போன் சார்ஜர், பார்க்கிங்குக்காக வைத்திருந்த சில்லறை, என் மகளின் பள்ளிப் பை. இவ்வளவுதான் போனது. பையைத் தவிர எதற்கும் நான் வருந்தவில்லை.

காலையில் எதிர்வீட்டு அம்மா சொன்னதுதான் என்னை உலுக்கியது. “உன் சார்ஜர் போனது பெரிசில்ல தம்பி. இந்தத் தெருவுல கதவு திறந்து கிடக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சே! இனிமே எல்லார் வீட்டு வாசலுக்கும் வந்து இழுத்துப் பார்ப்பானே.”

பன்னிரண்டாம் நாள் அவன் வந்தான். அன்று என் கார் பூட்டியிருந்தது. மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் டாக்ஸி ஓட்டுநர் அயர்ந்துபோய் வந்து பூட்டாமல் படுத்துவிட்டார். அன்று முழுவதும் ஓட்டிச் சேர்த்த வசூல் டேஷ்போர்டுக்குள் இருந்தது. காலையில் இல்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தத் திருடனுக்கு எங்கள் தெருவின் வழியைக் காட்டியது என் கதவு. கார்ப் பூட்டைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இழுத்துப் பார்க்கும் கை, முடிவெடுத்த கை

காரிலிருந்து திருடுபவர்களை வேலை செய்யும் விதத்தை வைத்து இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, எங்கள் தெருவுக்கு வந்தவனைப்போல இழுத்துப் பார்ப்பவன். அவனுக்குப் பெரிய எதிரி சத்தம். கண்ணாடி உடைந்தால் நாய் குரைக்கும், அலாரம் அலறும், மாடியில் விளக்கு எரியும். அவன் தேடி வருவது திறந்த கதவை மட்டும்தான். பூட்டிய கதவு முன்னால் அவன் நின்று யோசிப்பதுகூட இல்லை. இந்த வகைத் திருட்டைப் பூட்டு தடுக்குமா என்று கேட்டால், தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்லிவிடலாம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பாஸ்கோ கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் 2017-இல் ‘இரவு 9 மணி வழக்கம்’ என்று ஒன்றைத் தொடங்கியது. காரில் உள்ள பொருள்களை எடுத்தாயிற்றா, காரைப் பூட்டியாயிற்றா, வீட்டுக் கதவைப் பூட்டியாயிற்றா, வாசல் விளக்கைப் போட்டாயிற்றா என்று தினமும் இரவு ஒன்பது மணிக்குச் சமூக ஊடகத்தில் ஒரு நினைவூட்டல் வரும். வேறு பல ஊர்களின் காவல் துறைகளும் அதை எடுத்துக்கொண்டன. துப்பாக்கியும் ரோந்து வண்டியும் வைத்திருக்கும் ஒரு காவல் துறை, தினமும் மக்களைப் பூட்டச் சொல்லி நினைவூட்டுகிறது என்றால், மறதியை நம்பிப் பிழைக்கும் திருட்டு அங்கே எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

இரண்டாவது வகைத் திருடன் முடிவெடுத்துவிட்டு வருபவன். பின்சீட்டில் லேப்டாப் பையைப் பார்த்துவிட்டான். அவனுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அவன் கதவு வழியாக வரப்போவதில்லை.

காரின் முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அடித்தால் விரிசல் விடும், ஆனாலும் அதே இடத்தில் நிற்கும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலான கார்களில் வேறு மாதிரி. சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கியவை. விபத்தில் ஆளைக் கிழித்துவிடக் கூடாது என்பதற்காக, உடைந்தால் கல்கண்டுபோலப் பொடித் துண்டுகளாக உதிரும்படி செய்திருக்கிறார்கள். நம் உயிரைக் காக்கும் அதே ஏற்பாடு திருடனுக்கும் வழிவிட்டுவிடுகிறது.

இந்த இரண்டாவது கை ஒரு நகரத்தை எப்படி ஆட்டிவைக்கும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ சாட்சி. 2017-இல் மட்டும் அங்கே 31 ஆயிரத்துக்கும் அதிகமான கார் உடைப்புப் புகார்கள் பதிவாயின. சுற்றுலா இடங்களில் நிற்கும் வாடகைக் கார்கள் முக்கிய இலக்கு. அங்கும் பக்கத்து ஓக்லாந்திலும் சிலர் மனம் வெறுத்துப்போய்க் கதவைப் பூட்டாமலே நிறுத்தினார்கள். சிலர் டிக்கியையே திறந்துவைத்துவிட்டுப் போனார்கள். ‘உள்ளே ஒன்றுமில்லை, பார்த்துக்கொள். கண்ணாடியை மட்டும் விட்டுவிடு’ என்பது அதன் பொருள். 1980-களின் நியூயார்க்கிலும் இதே மன்றாடல் இருந்தது. கார் ஸ்டீரியோத் திருட்டு பெருகியிருந்த அந்நாளில், ‘ரேடியோ இல்லை’ என்று எழுதிய அட்டைகளைக் கண்ணாடியில் மாட்டிவைத்தார்கள்.

அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் கண்ட தீர்வில் பாதிதான் சரி. காரைக் காலி செய்தது சரி. திறந்துவிட்டது தவறு. திறந்த காரில் பொருள் இல்லாவிட்டாலும் ஆர்.சி. புத்தகத்தின் நகல் இருக்கும். அதில் வீட்டு முகவரி இருக்கும். இரவில் அதற்குள் யாரும் படுத்துக்கொள்ளலாம், எதையும் ஒளித்துவைக்கலாம். இவை எல்லாவற்றையும்விட, கைப்பிடியை இழுக்கும் வேலைக்குப் பலன் உண்டு என்று ஒருவன் அங்கே கற்றுக்கொள்கிறான்.

நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்க் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் உத்தரவிட்டது. நல்ல காரணத்துக்காக வந்த உத்தரவு. அதனால் நம் காருக்குள் இருப்பது நடந்து போகிறவர் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். பூட்டைவிட வெறும் சீட் பெரிய காவல் என்பதை மனதில் வைத்தே நிறுத்த வேண்டும்.

‘பூட்டியிருந்தீர்களா?’ என்று கேட்ட சட்டம்

பூட்டின் வேலை திருடன் போன பிறகும் முடிவதில்லை. கலிஃபோர்னியாவில் நடந்ததைக் கேட்டால் வியப்பாக இருக்கும். அங்கே ஒருவர் மேல் கார் உடைப்புக் குற்றத்தை நிரூபிக்க வேண்டுமென்றால், உடைப்பு நடந்தபோது கதவுகள் பூட்டியிருந்தன என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி சுக்குநூறாகக் கிடந்தாலும் அது மட்டும் போதாது. ‘நான்தான் பூட்டினேன்’ என்று உரிமையாளர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரோ பல நேரம் வாடகைக் காரில் வந்த சுற்றுலாப் பயணி. உடைந்த காரை ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். வழக்கு தளர்ந்துபோகும்.

இந்த ஓட்டையை அடைக்க மாநில செனட்டர் ஸ்காட் வீனர் பல ஆண்டுகள் முயன்றார். கடைசியில் 2024 ஆகஸ்ட்டில்தான் ஆளுநர் கேவின் நியூசம் அந்த மசோதாவில் கையெழுத்திட்டார். ஒரு சிறு பூட்டு பூட்டியிருந்ததா இல்லையா என்ற கேள்வியில் அத்தனை காலம் வழக்குகள் சிக்கிக் கிடந்தன.

நம் சட்டம் இவ்விஷயத்தில் நேராக இருக்கிறது. உரியவரின் சம்மதமில்லாமல் நேர்மையற்ற நோக்கத்தோடு பொருளை எடுத்தால் திருட்டு. கதவு திறந்திருந்தாலும் திருட்டு திருட்டுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், வாகனத் திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்க இடமிருக்கிறது.

ஆனால் காப்பீடு நம்மைப் பார்த்துக் கேள்வி கேட்கும். வாகனத்தைப் பாதுகாக்க உரிமையாளர் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்பது மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. கார் திருடுபோனதற்கு இழப்பீடு கோரினால், காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். ஒன்று இல்லையென்றால் விளக்கம் சொல்ல வேண்டும். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் கோரிக்கையை மறுக்கவும் முயல்வார்கள். ஓட்டுநர் சாவியை விட்டுவிட்டு இறங்கியபோது லாரி திருடுபோன ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதை முழு நிபந்தனை மீறலாகக் கருத முடியாது என்று சொல்லி, 75 சதவீதத் தொகையை வழங்கும்படி 2023-இல் தீர்ப்பு வந்தது. நிம்மதி தரும் தீர்ப்புதான். ஆனாலும் கால் பங்கு போனது போனதுதான். அதற்காகப் படியேறிய ஆண்டுகளையும் யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம்: மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் கார் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுமையான பாலிசி இருந்தாலும் அது காருக்கும் அதன் பாகங்களுக்கும்தான். சீட்டில் வைத்த லேப்டாப்புக்கும் நகைக்கும் சாதாரணப் பாலிசியில் இடமில்லை.

என் பூட்டு உன் காரைக் காக்குமா?

எதிர்வீட்டு அம்மா ஒரே வரியில் சொன்னதை உலகின் பல நாடுகள் அரை நூற்றாண்டாகச் சோதித்துப் பார்த்திருக்கின்றன.

ஸ்டீயரிங்கை அசையவிடாமல் பூட்டும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்தில் அதைக் கட்டாயமாக்கியது. புதிய கார்களோடு நிறுத்தாமல் பழைய கார்களுக்கும் விதித்தது. கார் திருட்டு சரிந்தது, சரிந்த நிலையிலேயே நின்றது. பிரிட்டன் 1971-இல் அதே பூட்டைக் கொண்டுவந்தது, ஆனால் புதிய கார்களுக்கு மட்டும். என்ன நடந்தது? லண்டனில் திருடுபோன கார்களில் புதியவற்றின் பங்கு 1969-இல் சுமார் 21 சதவீதமாக இருந்தது, 1973-இல் 5 சதவீதமாகச் சுருங்கியது. மொத்தத் திருட்டோ குறையவில்லை. திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களுக்கு மாறிவிட்டார்கள். புதுக் கார் வாங்க வசதியுள்ளவர் தப்பித்தார், பழைய காரை வைத்துக் காலம் தள்ளியவர் மாட்டிக்கொண்டார். பிரிட்டன் உள்துறையின் ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஒப்பீடு பதிவாகியிருக்கிறது.

ஒரே பூட்டு. எல்லோரும் பூட்டியபோது ஊர் பாதுகாப்பானது. சிலர் மட்டும் பூட்டியபோது ஆபத்து பக்கத்து வாசலுக்கு நகர்ந்தது.

அடுத்த சோதனை அமெரிக்காவில் நடந்தது. 1986-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோஜாக் என்ற கருவி வந்தது. காருக்குள் எங்கோ மறைத்துவைக்கும் சிறு ரேடியோ. கார் திருடுபோனால் அது சமிக்ஞை அனுப்பும், காவலர்கள் அதைத் தொடர்ந்து போவார்கள். வெளியே ஸ்டிக்கரோ விளக்கோ எதுவும் கிடையாது. எந்தக் காரில் இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாததால், எந்தக் காரைத் தொடவும் அவன் அஞ்ச வேண்டியிருந்தது. இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டு 1998-இல் வெளியிட்டார்கள். அந்தக் கருவியால் ஊருக்குக் கிடைத்த நன்மையில் பத்தில் ஒரு பங்குகூட அதைக் காசு கொடுத்து வாங்கியவருக்குப் போகவில்லை. மற்றதெல்லாம் வாங்காதவர்களுக்குப் போனது. தன் காருக்கென்று ஒருவர் செய்த செலவு, முகம் தெரியாத பலரின் காரைக் காத்தது.

மூன்றாவது சோதனை, இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதியில் இருக்கும் சிறு சில்லு சரியான குறியீட்டைச் சொன்னால் மட்டுமே இன்ஜின் உயிர்பெறும். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் புதிய கார்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தின் கணக்குகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் யான் வான் ஓர்ஸ், பென் வொலார்ட் இருவரும், கார் திருட்டு சுமார் 40 சதவீதம் இதனால் தணிந்தது என்று கண்டார்கள். பழைய கார்களுக்கு இடம்பெயர்ந்த திருட்டையும் கழித்த பிறகு கிடைத்த கணக்கு அது.

கனடாவின் வின்னிபெக் நகரம் இதை இன்னும் துணிச்சலாகச் செய்தது. அதிகம் திருடுபோகும் ரகக் கார்களுக்கு 2007 செப்டம்பரில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கி, செலவை மாகாண அரசின் காப்பீட்டு நிறுவனமே ஏற்றுக்கொண்டது. மறுபக்கம், அடிக்கடி கார் திருடிய இளைஞர்களை நெருங்கிக் கண்காணித்தார்கள். சில ஆண்டுகளில் திருட்டு ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது.

ஒரு சில்லு இல்லாததால் போன உயிர்கள்

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. அமெரிக்கா இம்மொபிலைசரைச் சட்டமாக்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே பொருத்தின. 2015 மாடல் கார்களில், மற்ற நிறுவனங்களின் தயாரிப்புகளில் 96 சதவீதத்தில் அது இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில் மட்டுமே இருந்தது. மில்வாக்கி நகரத்துச் சிறுவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். 2021-இல் அந்த நகரத்தில் திருடுபோன கார்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இரு நிறுவனங்களுடையவை. மறு ஆண்டு டிக்டாக் வழியாக அது நாடு முழுவதும் பரவியது. விளையாட்டுபோல எடுத்து ஓட்டினார்கள். 2022 அக்டோபரில் பஃபலோ நகரில் திருட்டு கியா ஒன்று விபத்துக்குள்ளானதில் நான்கு பதின்பருவத்துப் பிள்ளைகள் இறந்தார்கள். பின்னர் நிறுவனங்கள் 83 லட்சம் கார்களுக்கு மென்பொருள் திருத்தம் அறிவித்தன.

இந்தக் கார்களின் உரிமையாளர்கள் கதவைப் பூட்டாதவர்கள் அல்லர். பூட்டினார்கள். ஆனால் கதவுப் பூட்டு முதல் வாசல் மட்டுமே. அதற்குப் பின்னால் இன்னொன்று இல்லாதபோது அது நீண்ட நேரம் தாங்காது.

சாவியே இல்லாமல் திறக்கும் காலம்

இப்போது சாவியைச் செருக வேண்டியதில்லை. பாக்கெட்டில் இருந்தால் போதும், கார் அடையாளம் கண்டு திறக்கும். வசதிதான். 2011-இல் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை வாசலில் நிற்கும் கார் வரை நீட்டிக் காட்டியபோது பத்தும் ஏமாந்தன. ‘உரிமையாளர் பக்கத்தில்தான் இருக்கிறார்’ என்று நம்பித் திறந்துகொண்டன.

அந்த ஆய்வுக்கூடச் சோதனை இன்று கனடாவின் டொராண்டோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டு வாசல்களில் நடக்கிறது. ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்டன் என்று நம் உறவுகள் செறிந்து வாழும் ஊர்கள் அவை. 2023-இல் டொராண்டோவில் மட்டும் 12 ஆயிரத்துக்கும் அதிகமான வாகனங்கள் திருடுபோயின. பல கார்கள் கன்டெய்னரில் ஏறி மான்ட்ரியல் துறைமுகம் வழியாகக் கடல் கடக்கின்றன. அந்தத் துறைமுகத்தில் மட்டும் 598 வாகனங்களை மீட்டதாக ஒன்டாரியோ காவல் துறை 2024 ஏப்ரலில் அறிவித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஒட்டாவாவில் இதற்கென்றே தேசிய மாநாடு நடந்தது.

அதே காலத்தில் ஒரு காவலர், டொராண்டோவின் எட்டோபிகோ பகுதியில் நடந்த பொதுக்கூட்டத்தில், ‘சாவியை வீட்டு முன்கதவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்’ என்று சொன்னார். சாவிக்காக வீட்டுக்குள் புகுந்து ஆளைத் தாக்குகிறார்கள், கார் போனாலும் உயிர் பிழைக்கட்டும் என்ற அக்கறையில் சொன்னது. மக்கள் கொதித்தார்கள். கொதிப்பு நியாயமானது. ஒரு வீடு சாவியை வாசலில் வைத்தால், அடுத்த வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்கத் தோன்றும். பூட்டும் பொறுப்பைக் குடிமக்கள் தலையில் மட்டும் ஏற்றிவிட முடியாது என்பதையும் அந்தச் சம்பவம் உணர்த்தியது. கார் தயாரிப்பாளரும் துறைமுகமும் காவல் துறையும் தத்தம் கதவுகளைப் பூட்டியாக வேண்டும்.

நம் சாலையில் வரும் நோட்டு

நம்மூரில் கார்ப் பூட்டு பெரும்பாலும் தோற்பது நள்ளிரவில் அல்ல, பட்டப்பகலில். வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு ஒருவர் காரில் ஏறுகிறார். கொஞ்ச தூரம் போனதும் பைக்கில் வரும் ஒருவன், “சார், வண்டியில ஆயில் ஒழுகுது” என்கிறான். அல்லது, “உங்க காசு கீழே கிடக்குது சார்” என்று பத்து ரூபாய் நோட்டுகளைக் காட்டுகிறான். இவர் இறங்கி முன்னால் போய்க் குனிகிறார். கதவு பூட்டவில்லை. இன்னொருவன் மறுபக்கக் கதவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ‘கவனத்தைத் திசைதிருப்பிக் கொள்ளை’ என்று நாளிதழ்களில் மாதம் தவறாமல் வரும் செய்தி. இதில் கண்ணாடி உடைவதில்லை, பூட்டு நெளிவதில்லை. நம்மிடம் உள்ள பரபரப்பும், உதவ வந்தவரை நம்பும் நல்ல குணமும்தான் சாவி.

இதற்கு மருந்து எளிது. காரை விட்டு இரண்டடி நகர்ந்தாலும் சாவி கையில், கதவுகள் பூட்டில். யார் எதைக் காட்டினாலும், பூட்டிய பிறகுதான் குனிந்து பார்ப்பது.

திருடனுக்காக மட்டும் அல்ல

இந்தக் கட்டுரையில் எனக்கு எழுதக் கடினமாக இருந்த பகுதி இதுதான். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்த காருக்குள் விளையாட ஏறிய மூன்று குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்துபோயின. 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் அருகே இதேபோல நான்கு குழந்தைகள்.

குழந்தைக்கு நின்றிருக்கும் கார் ஒரு பொம்மை வீடு. கதவு திறந்தால் ஏறும், உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளும். பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்க முடியாது. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் வரை கூடும் என்றும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும் என்றும் 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கண்ணாடியைச் சற்றே இறக்கிவைத்தாலும் பெரிய மாற்றமில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊரில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

திருடனுக்குப் பயப்படாத கிராமத்தில், ‘நம்மூர்ல யாரு எடுக்கப்போறா’ என்று பூட்டாமல் விடும் காரில்தான் இந்த ஆபத்து அதிகம். விடுமுறையில் பிள்ளைகள் ஓடித் திரியும் தெருவில், பூட்டாத கார் மூடாத கிணற்றுக்குச் சமம்.

நாம் செய்யக்கூடியவை

● ரிமோட்டை அழுத்திவிட்டு நடந்துவிடாதீர்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ரிமோட்டின் சமிக்ஞையைத் தடுத்து, பூட்டாத காரைப் பூட்டியதாக நம்பவைக்கும் திருட்டு தென்னாப்பிரிக்காவில் பெரிய தலைவலி.

● சீட்டில் எதுவும் தெரியக் கூடாது. காலிப் பையும் ஆசை காட்டும். டிக்கியில் வைப்பதென்றால் கிளம்பும் இடத்திலேயே வையுங்கள். நிறுத்திய இடத்தில் திறந்து வைத்தால் பார்ப்பவர் பார்த்துவிடுவார்.

● சாவியில்லாமல் திறக்கும் கார் என்றால், இரவில் சாவியை வாசல் பக்கம் வைக்காமல் மூடியுள்ள உலோகப் பெட்டிக்குள் வையுங்கள்.

● பழைய காரில் இம்மொபிலைசர் இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டும் ஜி.பி.எஸ். கருவியும் சேர்த்துப் போடுங்கள்.

● இரண்டாவது சாவி எங்கே என்று இன்றே தேடிப் பாருங்கள். காருக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

● பூட்டும் முன் பின்சீட்டைத் திரும்பிப் பாருங்கள். தூங்கும் குழந்தை, ஒளிந்து விளையாடும் குழந்தை யாரும் இல்லையென்று உறுதியான பிறகு பூட்டுங்கள்.

● திருட்டு நடந்தால் 112-ஐ அழையுங்கள். அன்றே காவல் நிலையத்தில் புகார், அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல்.

பூட்டாத ஊர் ஒன்று

வின்னிபெக் இருக்கும் அதே மானிடோபா மாகாணத்தில், வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்று ஒரு சிற்றூர். ஆயிரம் பேர்கூட இல்லை. கடல் உறைவதற்காகக் காத்திருக்கும் பனிக்கரடிகள் இலையுதிர் காலத்தில் ஊருக்குள் நடமாடும். அங்கே பலர் கார் கதவைப் பூட்டுவதில்லை. தெருவில் கரடியைப் பார்த்து ஓடுகிற எவரும் பக்கத்தில் நிற்கும் காருக்குள் பாய்ந்து உயிர் பிழைக்கட்டும் என்பதற்காக.

இதைப் படித்தபோது, எதிர்வீட்டு அம்மா சொன்னதன் மறுபாதி கிடைத்தாற்போல இருந்தது. சர்ச்சிலில் கதவைத் திறந்துவைப்பவரும், வின்னிபெக்கில் பூட்டிவைப்பவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். தெருவில் நடக்கும் இன்னொருவரை மனதில் வைத்துக் கதவில் கைவைக்கிறார்கள். பூட்டுவதா திறப்பதா என்பதை அந்தந்த ஊரின் ஆபத்து முடிவு செய்கிறது. எங்கள் தெருவில் கரடி இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாள் முழுவதும் ஓட்டிச் சேர்த்த பணத்தோடு ஓய்ந்துபோய் வரும் ஒருவர் இருக்கிறார்.

பூட்டினால் திருட்டு நிற்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: முடிவெடுத்து வருபவன் உங்கள் கண்ணாடியை உடைக்கலாம். ஆனால் இழுத்துப் பார்த்துப் போகிறவனுக்கு ஒரு தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லையென்றால், அந்தத் தெருவுக்கு மறுபடி வர அவனுக்குக் காரணம் இல்லை.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இப்போது தினமும் இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி வருகிறது. ‘பூட்டியாச்சா?’ என்ற ஒற்றைச் சொல். அனுப்புகிறவர் அந்த டாக்ஸி ஓட்டுநர். பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போகிறேன். என் காரின் நான்கு கைப்பிடிகளையும் இழுத்துப் பார்க்கிறேன். பிறகு மூன்று வீடு தள்ளி நடந்து, அவர் இன்னும் சவாரியிலிருந்து திரும்பாத நாள்களைத் தவிர, அவருடையதையும்.